குறைந்தது கேஸ்தானா?

கார் ஏ.ஸி. சிறிது நேரம் குளிர்ந்தும் சிறிது நேரம் வெறுங்காற்றை வீசியும் மாறி மாறி நடக்கத் தொடங்கினால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே ‘கேஸ் கம்மியாகிவிட்டது, அடித்தால் சரியாகிவிடும்’ என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம், பட்டறைகளில் மட்டுமன்றிக் கார் வைத்திருப்போர் மனத்திலும் ஒரு சித்தாந்தமாகவே வேரூன்றிவிட்டது. வைகாசி வெயிலில் தவிப்பவர் எந்தப் பரிகாரத்துக்கும் சம்மதிப்பார் என்பதால், இந்த அபிப்பிராயத்தின் ஆதாரங்களை யாரும் பரிசீலிப்பதில்லை.

ஓட ஓடக் கேஸ் செலவாகும் என்பது முதல் ஆதாரம். கம்ப்ரஸரில் அழுத்தப்பட்டு, கண்டென்சரில் உஷ்ணத்தைக் கைவிட்டுத் திரவமாகி, எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துவாரத்தைக் கடந்து, கூலிங் காயிலில் மீண்டும் ஆவியாகிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் அதே கேஸ்தான் ஓயாமல் சுற்றிவருகிறது. அதில் எரிந்து தீர்வது எதுவுமில்லை. ரப்பர் குழாய்களின் வழியாகப் பல வருஷங்களில் ஓரளவு கசிவது இயல்பு. கோடைதோறும் நிரப்ப நேர்ந்தால் எங்கோ பழுது இருக்கிறது.

‘அடித்தவுடன் குளிர்ந்ததே, வேறென்ன அத்தாட்சி வேண்டும்?’ என்னும் வாதம் இதைவிட வலுவாகத் தோன்றுகிறது. ஆனால் வண்டி பட்டறையில் நின்ற அந்த ஒரு மணி நேரத்தில் வேறென்ன நிகழ்ந்தது என்று அவ்வாதம் விசாரிப்பதில்லை. கூலிங் காயிலின் குளிர்ச்சியை அளந்து கம்ப்ரஸரை நிறுத்த வேண்டிய சென்ஸர் கெட்டிருந்தாலும், கேபின் ஃபில்டர் தூசியால் அடைபட்டிருந்தாலும், காயிலின்மேல் படியும் ஈரம் உறைந்து காற்றின் பாதையையே மூடிவிடும். நெடுந்தூரம் ஓடியபின் காற்றின் வேகம் குன்றிக் குளிர்ச்சி மறைவதும், சற்று அணைத்துவைத்தால் வண்டிக்கடியில் நீர் வழிந்து குளிர்ச்சி திரும்புவதும் இதன் லட்சணங்கள். கம்ப்ரஸரின் கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே ஏறக்குறைய அரை மில்லிமீட்டராக இருக்க வேண்டிய இடைவெளி தேய்மானத்தால் அகன்ற வண்டியிலோ, எஞ்சின் சூட்டில் மின்காந்தச் சுருளின் தடை கூடிக் காந்த சக்தி குறையும்போது தட்டு ஒட்டாமல் நின்றுவிடுகிறது, ஆறியதும் ஒட்டுகிறது. இரண்டு கோளாறுகளும் கேஸ் அடிக்காமல் வெறுமனே நிறுத்திவைத்தாலே தற்காலிகமாக நீங்கக்கூடியவை. ஆகையால் பட்டறையிலிருந்து திரும்பும் வழியில் கிடைக்கும் குளிர்ச்சி எதையும் நிரூபிப்பதில்லை.

அழுத்தத்தை அளக்கும் மீட்டர் பொய் சொல்லுமா என்பார்கள். எஞ்சின் நின்றிருக்கையில், குழாயினுள் சிறிதளவேனும் திரவம் எஞ்சியிருக்கும்வரை, மீட்டர் காட்டுவது உஷ்ணநிலைக்குரிய அழுத்தத்தையே. ஆர்-134ஏ கேஸுக்கு 30 டிகிரியில் அது ஏறக்குறைய 97 பி.எஸ்.ஐ., உள்ளே பாதி இருந்தாலும் முழுதும் இருந்தாலும்.

கொஞ்சம் கூடுதலாக அடித்தால் கெடுதலில்லை என்ற நம்பிக்கையே எனக்கு மிகுந்த கவலை தருகிறது. சிறிய கார்கள் பலவற்றுக்கு வேண்டியது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதில் 100 கிராம் மிகுந்தாலே அழுத்தம் ஏறிக் கம்ப்ரஸர் திணறும். ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் நின்றதும் குளிர்ச்சி போகிற வண்டியில், முதலில் பார்க்க வேண்டியது கண்டென்சர் ஃபேன் சுழல்கிறதா என்பது. அது நின்றிருந்தால் அழுத்தம் மிகுந்து பாதுகாப்பு ஸ்விட்ச் கம்ப்ரஸரைத் துண்டிக்கிறது. அந்நிலையில் மேலும் கேஸ் ஏற்றுவது நோயையே வளர்ப்பதாகும்.

கேஸ் குறைந்தாலும் குளிர்ச்சி விட்டுவிட்டு வருவதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் அப்போது கிளட்ச் சில விநாடிகளுக்கு ஒருமுறை ‘டக் டக்’கென்று ஒட்டி ஒட்டி விலகும், அரைமணி குளிர்ந்து பத்து நிமிஷம் மறையும் ரகம் வேறு. எனவே குளிர்ச்சி மறைந்த அந்தச் சமயத்திலேயே வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்காமல், புல்லியின் நடுத்தட்டு சுழல்கிறதா என்று எட்ட நின்று பார்க்க வேண்டும். சுழலவில்லையானால் கிளட்ச்சின் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். வந்தால் குற்றம் கிளட்ச்சில், வராவிட்டால் ரிலேயிலோ ஸ்விட்சிலோ சென்ஸரிலோ. தட்டு சுழன்றும் காற்று குன்றியிருந்தால் உறைந்த காயிலையே சந்தேகிக்கலாம்.

கேஸ் மெய்யாகவே குறைந்திருந்தாலும், நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 1,430 மடங்கு பூமியை உஷ்ணமாக்கும் அப்பொருளைக் கசிவின்மேல் கசிவாக நிரப்புவது தகாது. இணைப்புகளில் படிந்த எண்ணெய்க் கறையைப் பின்பற்றிக் கசிவைக் கண்டு அடைத்து, வாக்யூம் பம்ப் வைத்து ஈரத்தை வெளியேற்றிய பிறகு, பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் கிராம் கணக்குப்படி தராசில் நிறுத்தே நிரப்பித் தரச் சொல்ல வேண்டும்.