எந்தத் தடிமனில்? எப்படி அளந்தது?

செம்பின் வெப்பங்கடத்தும் திறன் என்ன என்று கேட்டால், மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 400 வாட் என்று பட்டென்று சொல்லிவிடுவீர்கள். அது பொருளைப் பொறுத்தது, பருமனைப் பொறுத்ததன்று என்றும் படித்திருப்பீர்கள். நாம் கையாளும் கம்பிகளுக்கு இது சரி. ஆனால் ஒற்றை எண்ணை மனப்பாடம் செய்யும் பழக்கம் நானோ உலகில் நம்மைக் கைவிட்டுவிடும் என்பது என் கருத்து.

சிலிக்கனை எடுத்துக்கொள்வோம். கட்டியாக இருந்தால் அறை வெப்பநிலையில் அதன் எண் ஏறத்தாழ 148. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் 22 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கன் இழையை அளந்து 2003இல் வெளியிட்டார்கள். கட்டியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! சிலிக்கனில் வெப்பத்தைச் சுமப்பவை அணுக்களின் அதிர்வலைகள். குறுகிய இழையில் அவை ஓரங்களில் முட்டிச் சிதறிவிடுகின்றன.

எப்படி அளந்தார்கள்? கம்பியில் மெழுகு தடவிக் குண்டூசி ஒட்டும் வித்தை இங்கே பலிக்காதே! அந்தரத்தில் தொங்கும் இரண்டு குட்டித் தட்டுகள். ஒவ்வொன்றிலும் பிளாட்டினக் கம்பிச் சுருள். நடுவே பாலம்போல் இழை. ஒன்றைச் சூடாக்கி, மற்றதன் மின்தடை மாறுவதைக் கொண்டு அது எவ்வளவு சூடேறியது என்று கண்டார்கள். இழை தட்டைத் தொடும் இடமும் வெப்பத்தைத் தடுக்கும். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் பழி இழையின் மேல் விழும்.

கிராஃபீனோ ஓரணுத் தடிமனுள்ள கரித்தாள். ரிவர்சைடில் பாலாண்டின் குழு 2008இல் லேசரால் அளந்து ஏறத்தாழ 5000 என்றது. டெக்சாஸில் இன்னொரு குழு 2010இல், அதுவும் லேசரால் அளந்து, 350 கெல்வினில் ஏறத்தாழ 2500 என்றது. இம்முறையில் லேசரே அடுப்பு. தாளிலிருந்து சிதறி வரும் ஒளியே வெப்பமானி. தாள் எவ்வளவு ஒளியை உறிஞ்சியது என்பதில்தான் சிக்கல். உறிஞ்சியதைப் பாதியாகக் கொண்டால் விடையும் பாதியாகும். தடிமன்கூட ஓர் உடன்பாடுதான். கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு இடையிலுள்ள 0.335 நானோமீட்டரை எடுத்துக்கொள்கிறார்கள். அதே தாளைச் சிலிக்கன் டையாக்சைடின் மேல் கிடத்தினால் ஏறத்தாழ 600தான். விளம்பரக்காரர்கள் இந்த எண்களில் எதை அச்சிடுவார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

பள்ளிப் பிள்ளைகளுக்கு இது குழப்பம் தரும் என்று சில ஆசிரியர்கள் சொல்லலாம். நான் ஒப்பவில்லை. 148ஐ நம்பி நானோ இழையின் சூட்டைக் கணக்கிடும் பொறியாளர் படும் பாடு இதைவிடப் பெரிது. அட்டவணையில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் வெப்பநிலை, தடிமன், அளந்த முறை மூன்றையும் அச்சிடட்டும். அதுவரை ஓரத்தில் பென்சிலால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.