உதைப்பவரை நிறுத்திவிட்டு தானே உதைத்தவர்!

1966 அக்டோபர் 29. அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழக மைதானம். ஆபர்ன் பல்கலைக்கழகத்துடனான ஆட்டம் 27-27 என்று சமநிலையில் இருக்கிறது. கடைசி நிமிடங்கள். 40 கஜ தூரத்திலிருந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளிகள் கிடைக்கும். அதற்கென்றே அணியில் ஒரு ஆள் உண்டு. ஆனால், ‘நானே உதைக்கிறேன்’ என்று முன்னால் வந்தார் குவார்ட்டர்பேக் ஸ்டீவ் ஸ்பரியர். பந்து நடுவே போனது. ஃப்ளோரிடா 30-27 என்று ஜெயித்தது.

நாம் ஃபுட்பால் என்று சொல்கிற ஆட்டம் இல்லை இது. முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், மோதல் என நடக்கும் அமெரிக்கன் ஃபுட்பால். அதில் குவார்ட்டர்பேக்தான் மூளை. பந்தை யாருக்கு, எப்போது எறிவது என்பதைச் சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டும். அந்த வருடம் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் மிகப்பெரிய தனிநபர் விருதான ஹெய்ஸ்மேன், ஸ்பரியருக்குக் கிடைத்தது. கோப்பையை அவர் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். ‘அப்புறம் இவருக்கு என்ன?’ என்று மாணவர்கள் சேர்ந்து இன்னொரு கோப்பைக்கு ஏற்பாடு செய்தார்கள். அதற்குப் பிறகுதான் வீரருக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று என இரண்டு கோப்பைகள் கொடுக்கும் வழக்கமே வந்தது. (இன்று கடைகளில் விற்கும் கேட்டரேட் பானம் முதன்முதலில் தயாரானதும் இந்த அணிக்காகத்தான், 1965-ல். ஸ்பரியர் ஆடிய காலம் அது!)

இப்படிப்பட்டவர் தொழில்முறை ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்திருப்பார் என்றுதானே தோன்றும்? நடந்தது வேறு.

சான்ஃபிரான்சிஸ்கோ 49ers அணி அவரை 1967-ல் முதல் சுற்றிலேயே எடுத்தது. ஆனால், அங்கே ஜான் பிராடி என்ற சீனியர் குவார்ட்டர்பேக் அசையாமல் இருந்தார். ஒன்பது சீசன்களில் ஸ்பரியர் பெரும்பாலும் பெஞ்சில்தான். 1976-ல் புதிதாகத் தொடங்கிய டாம்பா பே அணிக்குப் போனார். அந்த சீசனில் 14 ஆட்டங்கள், பதினான்கிலும் தோல்வி. அத்தோடு அவரது ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது.

1978-ல் தன் சொந்தக் கல்லூரியிலேயே குவார்ட்டர்பேக்குகளுக்கான பயிற்சியாளர் ஆனார். தலைமைப் பயிற்சியாளர் மாறினார், இவர் வேலையும் போனது. அடுத்து ஜார்ஜியா டெக் கல்லூரி. ஒரே வருடத்தில் அங்கேயும் அதே கதை. ஹெய்ஸ்மேன் ஜெயித்தவருக்கு அடுத்தடுத்து இரண்டு முறை வேலை பறிபோவது லேசான விஷயம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தைப் படித்த அந்த வருடங்கள்தான் அவரைப் பயிற்சியாளர் ஆக்கின என்று சொல்லத் தோன்றுகிறது. களத்தில் ஜொலித்தவர்களுக்கு அந்தப் பொறுமை அபூர்வம்.

டியூக் பல்கலைக்கழகம் என்றால் கூடைப்பந்துதான். அங்கே ஃபுட்பாலை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. தலைமைப் பயிற்சியாளராக அங்கே போன ஸ்பரியர், 1989-ல் அவர்களுக்கு லீக் பட்டத்தில் பங்கு வாங்கிக் கொடுத்தார். 1962-க்குப் பிறகு டியூக்கின் முதல் பட்டம் அது. அடுத்த வருடமே ஃப்ளோரிடா அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

தென்கிழக்கு லீக்கில் அப்போதெல்லாம் பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடுவதுதான் பாணி. ஸ்பரியரோ ‘எறி, எறி’ என்றார். 1933-ல் லீக் தொடங்கியதிலிருந்து ஃப்ளோரிடா அதிகாரபூர்வமாக வெல்லாத பட்டத்தை 1991-ல் வாங்கினார். 12 சீசன்களில் ஒன்றில்கூட 9 வெற்றிகளுக்குக் குறையவில்லை. வாயும் சும்மா இருக்காது. பரம எதிரி ஃப்ளோரிடா ஸ்டேட் வீரர்கள் இலவச ஷூ வாங்கிய விவகாரத்தில் சிக்கியபோது, அந்தக் கல்லூரிக்கு ‘ஃப்ரீ ஷூஸ் யுனிவர்சிட்டி’ என்று பெயர் வைத்தார். கோபம் வந்தால் தலையில் இருக்கும் வைசர் தொப்பி தரையில் பறக்கும். அவரை வெறுத்தவர்கள் ஏராளம்.

அந்தத் திமிருக்கு அடியும் விழுந்தது. 1996 ஜனவரியில் தேசிய சாம்பியன் யார் என்று முடிவாகும் ஆட்டத்தில் நெப்ராஸ்கா 62-24 என்று நசுக்கியது. எறிவது மட்டும் போதாது என்று புரிந்தது. தடுப்பாட்டத்தைச் சரிசெய்ய பாப் ஸ்டூப்ஸைக் கூட்டிவந்தார். அதே வருடம் நவம்பரில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 24-21 என்று தோற்றார்கள். குவார்ட்டர்பேக் டேனி வெர்ஃபெலை எதிரணி அடித்துப் புரட்டியெடுத்தது. ஐந்தே வாரத்தில் அதே அணியுடன் மீண்டும் மோதல். இந்த முறை வெர்ஃபெலைச் சில கஜம் பின்னால் நிற்கவைத்துப் பந்தை வாங்கச் செய்தார் ஸ்பரியர். எறிய ஓரிரு நொடிகள் கூடுதலாகக் கிடைத்தன. முடிவு 52-20. ஃப்ளோரிடாவின் முதல் தேசியப் பட்டம்!

அந்த வருட ஹெய்ஸ்மேன் வெர்ஃபெலுக்கு. ஹெய்ஸ்மேன் வென்ற ஒருவர் இன்னொரு ஹெய்ஸ்மேன் வீரரை உருவாக்கியது அதுதான் முதல் முறை. குருவும் சிஷ்யனும் பாதிரியார் மகன்கள் என்பது கூடுதல் பொருத்தம்.

2002-ல் பெரும் சம்பளத்துக்கு வாஷிங்டன் தொழில்முறை அணிக்குப் போனார். இரண்டு சீசன்களில் 12 வெற்றி, 20 தோல்வி. ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று வருடச் சம்பளம் பாக்கி இருக்க, வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டார். ஆட்டக்காரராக ஏமாற்றிய உலகம் பயிற்சியாளராகவும் ஏமாற்றியது.

2005-ல் சவுத் கரோலினா. பெரிய வரலாறு இல்லாத அணி. 2010-ல் நம்பர் 1 அலபாமாவை 35-21 என்று வீழ்த்தினார்கள். 2011 முதல் 2013 வரை ஒவ்வொரு சீசனிலும் 11 வெற்றிகள். அந்தக் கல்லூரிக்கு அதிக வெற்றி தேடித்தந்த பயிற்சியாளர் இவர்தான், மொத்தம் 86. ஆனால், 2015-ல் முதல் 6 ஆட்டங்களில் 4 தோல்வி வந்ததும் சீசன் நடுவிலேயே விலகினார். நேர்மையான முடிவு என்றவர்களும் உண்டு. தானே அழைத்துவந்த பையன்களைப் பாதியில் விட்டது சரியா என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டாவது கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

கல்லூரி ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமில் வீரராக 1986-ல் இடம்பிடித்தவர், 2017-ல் பயிற்சியாளராகவும் இடம்பிடித்தார். அதோடு ஓய்வு என்று நினைத்தால், 2019-ல் 73 வயதில் ஒரு புது லீக்கின் ஆர்லாண்டோ அணிக்குப் பயிற்சி கொடுக்கக் கிளம்பிவிட்டார். 7 வெற்றி, ஒரே தோல்வி, பட்டியலில் முதலிடம். பணமில்லாமல் லீக்கை பாதியில் மூடிவிட்டார்கள். இறுதிப்போட்டி நடக்கவேயில்லை.