கைக்குள் அடங்கிய சித்திரக்கூடம்

களுதாவளையிலிருந்து நல்லதொரு சித்திரக்கூடத்திற்குப் போக வேண்டுமாயின் எத்தனை மைல் நடக்க வேண்டும்? சென்ற தலைமுறையில் இக்கேள்வியை எவரேனும் கேட்டிருந்தால் ஊரார் நகைத்திருப்பர். கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையே மணற்பாங்கான நிலம். அந்நிலத்திலே வெற்றிலைக் கொடியும், மிளகாயும், கத்தரியும். இவற்றினிடையே வளர்ந்த பிள்ளைக்குச் சித்திரம் என்பது பிள்ளையார் கோயிலிற் காணும் வண்ணப்படமும், கடைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியும், பாடநூலில் மங்கலாக அச்சான இரண்டொரு படங்களுமேயாம். கொழும்பிலே கண்காட்சி நடந்தால் அதுபற்றிய செய்தியைப் பத்திரிகையிற் படிக்கலாம். படத்தைப் பார்க்க முடியாது.

இன்று அப்பிள்ளையின் கையிலே தொலைபேசி இருக்கிறது. அதன் திரையிலே இலண்டன் மாநகரத்துக் கூடங்களும் பாரிசு நகரத்துக் கூடங்களும் வந்து நிற்கின்றன. ஆயினும் நம் வீடுகளில் அத்தொலைபேசி என்ன செய்கிறது? ஆட்டமும் பாட்டமும் அடிதடிக் காட்சியுமாக நாழிகைகள் கழிகின்றன. பிள்ளையின் கையிலிருந்து அதனைப் பறித்துப் பெட்டியிலே பூட்டி வைக்க விரும்பும் தாய்மாரை நாம் குறை கூறோம். அவர்தம் அச்சத்திற்குக் காரணம் உண்டு. ஆனால், அதே பெட்டகத்துள் அடங்கிக் கிடக்கும் ஒரு செல்வத்தையும் சேர்த்தே பூட்டி விடுகிறோம் என்பதை மாத்திரம் இவ்வாரம் எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

எண்ணிமச் சித்திரம் என்றும் டிஜிட்டல் சித்திரம் என்றும் சொல்லப்படுவது யாது? கடதாசிக்கும் தூரிகைக்கும் பதிலாகக் கண்ணாடித் திரையும் எழுதுகோலும் கொண்டு வரைவது. திரை என்பது நுண்ணிய புள்ளிகளின் வரிசை. அகலத்தில் 1080, உயரத்தில் 1920 புள்ளிகள் கொண்ட சாதாரணத் தொலைபேசித் திரையிலே இருபது இலட்சத்திற்கும் அதிகமான புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் ஓர் எண் ஆள்கிறது. ஓவியர் கோடு இழுக்கும்போது உண்மையில் மாறுவன அவ்வெண்களே. ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை அடுக்கியதுபோலப் பல படலங்களில் வரையலாம். பிழைத்த கோட்டை மறு கணமே இல்லாமற் செய்யலாம். இவையெல்லாம் வசதிகளே தவிரக் கலை அல்ல. கை நடுங்கினால் திரையிலும் நடுங்கும். கண் பழகாவிடில் ஆயிரம் நிறம் இருந்தும் பயனில்லை.

புள்ளி வரிசையும் எண்ணும் என்றவுடன் நம் தாய்மார்க்கு வேறொன்று நினைவுக்கு வருதல் வேண்டும். பொங்கலன்று முற்றத்திலே புள்ளி வைத்து, அதனைச் சுற்றி வளைத்து இழுக்கும் கோலத்தையே குறிப்பிடுகிறோம். இது வெறும் உவமையன்று. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதமும் கணினியும் ஆராய்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1974ஆம் ஆண்டிலே கோலத்தின் இலக்கணத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். சொற்களைச் சேர்த்து வாக்கியம் அமைப்பதற்கு விதிகள் இருப்பதுபோலச் சிறு வடிவங்களைச் சேர்த்துக் கோலம் அமைப்பதற்கும் விதிகள் உண்டு. அவ்விதிகளை மீண்டும் மீண்டும் ஏற்றினால் சிறு கோலம் பெருங்கோலமாக வளரும் என்பது அவர்கள் கண்ட வழி. கணினிக்குப் படம் வரையக் கற்பிக்க முயன்ற அறிஞர் உலகம் அக்காலத்திலே இக்கட்டுரையைக் கவனித்தது. எழுதப் படிக்க அறியாத பாட்டிமார் அதிகாலையிற் குனிந்து நின்று செய்த வேலை கணினி விஞ்ஞானத்தின் ஓர் அதிகாரமாயிற்று!

ஏறத்தாழ அதே காலத்தில், 1968 முதல், பாரிசு நகரிலே வேரா மோல்னார் என்னும் அம்மையார் கணினியைக் கொண்டு சதுரங்களை வரைந்து வந்தார். இவர் 1924இல் ஹங்கேரி நாட்டிற் பிறந்தவர். ஒழுங்காக அடுக்கிய சதுரங்களிடையே சிறிதளவு ஒழுங்கின்மையைப் புகுத்தினால் கண் எப்படி விழித்துக்கொள்கிறது என்பதே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. 2023 டிசம்பரிலே, நூறாவது வயதுக்குச் சில வாரங்கள் இருக்கையில், காலமானார். இணையத்தில் அவர் பெயரைத் தேடிப் பார்க்கும் மாணவர், அருகிலே தம் வீட்டுக் கோலம் ஒன்றையும் வைத்துக்கொண்டு பார்ப்பாராக. இரண்டுக்கும் உள்ள உறவை நாம் விளக்க வேண்டிய தேவையே இராது.

வயதைப் பற்றிப் பேச்சு வந்தமையால் டேவிட் ஹொக்னி என்பவரையும் சொல்லிவிடுகிறோம். 1937இற் பிறந்த இந்த ஆங்கில ஓவியர், வண்ண ஓவியத்திலே உலகப்புகழ் பெற்ற பின்னர், எழுபது வயதைத் தாண்டிய நிலையில் தொலைபேசித் திரையிலே விரலால் வரையத் தொடங்கினார். 2010இல் ஐபாட் என்னும் பலகைக்கணினி வெளிவந்தபோது அதனை உடனே கைக்கொண்டார். 2020இல் உலகமெங்கும் ஊரடங்கு நிலவிய வசந்த காலத்திலே, பிரான்சின் நோர்மண்டிப் பகுதியில் தம் வீட்டைச் சூழ்ந்த மரங்கள் துளிர்ப்பதையும் பூப்பதையும் வரைந்தார். அவற்றுள் 116 படங்கள் மறு ஆண்டு இலண்டன் ரோயல் அக்கடமியிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. இப்படங்களில் நமக்கு மிகப் பிடித்தது ஒன்றுண்டு. எண்ணிமச் சித்திரம், தான் பிறந்த வரிசையை மறப்பதில்லை. முதற் கோடு எது, அடுத்த நிறம் எது என்று படம் வளர்ந்த முறையையே மீண்டும் ஓடவிட்டுக் காணலாம். குருவின் அருகிலிருந்து அவர் கையை நோக்கிக் கற்பது எப்படியோ அப்படியே இதுவும். களுதாவளைப் பிள்ளைக்கு இது எளிதிற் கிட்டாத பேறன்றோ?

தமிழர்களுள் இத்துறையில் யாருளர் என்று கேட்பவருக்கு முதலில் டிராட்ஸ்கி மருதுவின் பெயரைச் சொல்வோம். மதுரையிற் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியிற் பயின்ற இவர், தமிழ்நாட்டிலே கணினியை ஓவியக் கருவியாக முதன்முதற் கையாண்டவர்களுள் ஒருவர். தமிழ்ச் சஞ்சிகைகளில் இவர் கோடுகளைக் கண்டிராத வாசகர் அரியர். அவர் குதிரைகளைப் பாருங்கள். கணினியில் வரைந்தாலும் கரித்துண்டால் வரைந்தாலும் அவை ஒரே கையின் குதிரைகள்.

அடுத்து, இளையராஜா. இசையமைப்பாளர் அல்லர், கும்பகோணம் ஓவியக் கல்லூரியிற் பயின்ற ஓவியர். அடுப்பங்கரையிலும் முன்றிலிலும் சாளரத்தருகிலும் இருக்கும் தமிழ்ப் பெண்களை, அவர்கள் மீது விழும் வெயிலோடு வரைந்தவர். 2021 ஜூன் மாதத்திலே கொரோனாத் தொற்றினால் இளவயதிலேயே மறைந்தார். இவர் படங்கள் தொலைபேசிக்குத் தொலைபேசி பறந்து வந்தன, இன்றும் பறக்கின்றன. ஒளிப்படம் என்று எண்ணியே பலர் பகிர்ந்தனர். அவற்றுள் எத்தனை படங்கள் ஓவியர் பெயரைத் தாங்கி வந்தன? மிகச் சில. கருத்த முகத்தை அழகு என்று நமக்குக் காட்டிய மனிதரின் பெயரைக் கத்தரித்துவிட்டு, அப்படத்தின் மீது 'காலை வணக்கம்' என்று எழுதி அனுப்பும் வழக்கத்தை என்னென்பது! இது நம்மூரிலும் நடக்கிறது. மிகவும் வருந்துகிறோம்.

ஆதலால் மாணவர்க்கு ஒரு பழக்கத்தைச் சொல்ல விழைகின்றோம். படம் ஒன்று மனத்தைப் பறித்தால் அதனைச் சேமித்து வைப்பதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். வரைந்தவர் யார்? எந்த ஆண்டில்? எதனால்? எத்தனை பெரிது? படத்தையே கொடுத்து அதன் மூலத்தைத் தேடும் வசதி இன்று இணையத்தில் உண்டு. ஐந்து நிமிடத்திற் பெயர் கிடைத்துவிடும். கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகின்றனர். உள்ளங்கையளவு திரையிலே சுவர் முழுவதும் விரிந்த ஓவியமும் தபாலட்டை அளவு ஓவியமும் ஒரே அளவாகவே தோன்றும். அளவை அறிந்து, அறையின் சுவரிலே அடிக்கோலால் அளந்து பார்த்துக்கொண்டால் ஓவியம் வேறாகத் தெரியும்.

2021 மார்ச்சிலே பீப்பிள் என்னும் பெயர்கொண்ட அமெரிக்கரின் எண்ணிமப் படம் ஏலத்தில் ஆறு கோடி தொண்ணூற்று மூன்று இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அதனைக் கேட்டு நம் இளைஞர் சிலரும் தலை கிறுகிறுத்தனர். அவ்விலையைப் பற்றி நாம் எழுதப் போவதில்லை. அந்த ஏலக் காய்ச்சல் விரைவிலேயே தணிந்துவிட்டது. ஆனால் அப்படம், 2007 மே மாதம் முதலாக நாளுக்கு ஒன்றாக அவர் செய்த 5000 படங்களின் தொகுப்பு. பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாளேனும் விடாமற் செய்தார் என்பதே நம் கருத்தைக் கவர்ந்த செய்தி.

இயந்திரமே படம் வரையும் காலமும் வந்துவிட்டது. 2022 தொடக்கம், இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு படம் ஒன்றை நொடியில் தருகிறது. திருவிழா அறிவித்தல்களிலும் திருமண அழைப்பிதழ்களிலும் இப்போது இவ்வகைப் படங்கள் தலைகாட்டுகின்றன. பிள்ளையாருக்குக் கை எத்தனை என்று இயந்திரம் அறியாது. சில வேளைகளில் விரல் எத்தனை என்றும் அறியாது. பெயர்ப்பலகையும் திரைச்சீலையும் கையால் எழுதி வாழ்ந்தவர்களின் பிழைப்பை அச்சுப் பதாகை முன்னரே கொண்டுபோயிற்று. எஞ்சியிருந்த சிறு வேலையையும் இது கொண்டுபோகும் என்று அஞ்சுவோரை நாம் ஏளனஞ் செய்ய மாட்டோம். அந்த இயந்திரம் வரையக் கற்றதும் இணையத்திலுள்ள எண்ணற்ற ஓவியர்தம் படங்களிலிருந்தே. அவர்களுட் பெரும்பாலோரிடம் எவரும் இசைவு கேட்டிலர்.

அவ்வியந்திரத்தையே கேள்விக்கு உட்படுத்தும் கலைஞரும் உளர். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இலண்டனிற் பிறந்த கிறிஸ்தோபர் குலேந்திரன் தோமஸ், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படங்களை ஆக்குவித்து, அவற்றைத் துணியிலே கையால் தீட்டுவித்தும் திரைப்படமாக்கியும், போரிலே அழிந்துபோன ஒரு தமிழ் உலகின் நினைவைப் பேசுகிறார். 2022இல் பெர்லினிலும் இலண்டனிலும் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றைப் புரிந்துகொள்வது எளிதன்று; உடன்படாமலும் இருக்கலாம். பார்க்காமல் மட்டும் இருக்கலாகாது.

தொலைவிலுள்ளவரைத் தேடும் உற்சாகத்தில் அருகிலுள்ளவரை மறத்தல் தகாது. கல்லடியிலே சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்நிறுவகத்தில் கட்புலக் கலைகளையும் தொழில்நுட்பக் கலைகளையும் பட்டத்திற்காகக் கற்கலாம். மட்டக்களப்பிலே வாழ்ந்து, பெண்களின் துயரையும் திண்மையையும் வண்ணத்தில் வைத்தவர் வாசுகி ஜெயசங்கர். "சித்திரத்தை உயர்தரத்துக்கு எடுத்து என்ன செய்யப் போகிறாய்?" என்று பிள்ளையை அதட்டும் தந்தையர், பஸ் ஏறிக் கல்லடிக்கு ஒருமுறை சென்று பார்த்துவிட்டு அதட்டினால் நன்று. பழையன காண விழைவோர்க்கு 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்னும் இணைய நூலகம் உண்டு. அங்கே 'சிரித்திரன்' இதழ்களைப் புரட்டிச் சிவஞானசுந்தரம் வரைந்த சவாரித்தம்பரைப் பாருங்கள். நான்கே கோட்டில் ஒரு மனிதனை நடக்கவைத்த கை அது. எந்தப் பலகைக்கணினியும் அதற்குத் துணை நின்றதில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பித்த தா. சனாதனனின் ஒரு நூலைக் கடைசிக்கென வைத்திருந்தோம். 2011இல் வெளிவந்தது, பெயரைத் தமிழிற் சொல்வதாயின் 'முற்றுப்பெறாத தோம்பு' எனலாம். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்திலே காணி விவரம் எழுதிய பதிவேடு. சனாதனன், போரினால் வீட்டை விட்டுப் பெயர்ந்த எண்பது பேரிடம் சென்று, இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். வரையத் தெரியாத கைகள் வரைந்தன: இங்கே கிணறு, இங்கே மாமரம், இங்கே சாமியறை. அக்கோணல் கோடுகளை வைத்துக் கட்டடக்கலைஞர் முறைப்படி நிலப்படம் ஆக்கினார். அதன்மேல் சனாதனன் தம் சித்திரத்தைச் சேர்த்தார். மூன்று தாளும் ஒன்றையடுத்து ஒன்றாக நூலில் உள்ளன. இணையத்தில் அதன் பக்கங்கள் சிலவற்றைக் காணலாம்.

இவ்விடுமுறையில் இதனை ஒரு பயிற்சியாகச் செய்து பார்க்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பென்சிலாயினும் சரி, தொலைபேசித் திரையாயினும் சரி. நம் கரையோரத்திலே 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் கொண்டுபோன வீடுகள் உண்டு. 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு சூறாவளி கூரையைப் பிடுங்கியெறிந்த வீடுகளும் உண்டு. பாட்டனார் அருகிலே அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல வரையுங்கள். அடுக்களை எத்திசையை நோக்கியிருந்தது, வெற்றிலைப் பந்தலுக்குத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது, அன்றிரவு யார் எந்த மூலையில் ஒடுங்கியிருந்தார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே சிலர் இருக்கிறார்கள்.