மன்றத்துக்கு யார் பணம் வேண்டும்: ஒரு கடலோர இளைஞர் மன்றத்தின் நிலைப்பாடு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் கரைகளில் கூலிக்குப் படகேறும் வீடுகளில் கையிருப்பு கரைவது இந்த நாட்களில்தான். பள்ளி, கல்லூரிக் கட்டணம் வந்து நிற்பதும் இதை ஒட்டித்தான். மாலை வகுப்பு, விளையாட்டு அணி, கட்டண உதவி என்று மன்றத்துக்குச் செலவு கூடும் மாதங்களும் ஊரில் பணம் வற்றும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. ஆகவே தடைக்காலத்தில் மீனவர் வீடுகளில் வசூல் கிடையாது. தொழில் நடக்கும் மாதங்களிலேயே சந்தா வாங்கிச் சேர்த்துவைப்பது என்று மன்றம் முடிவு செய்திருக்கிறது.

சில்லறைச் சந்தாவில் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. விருதுநகர் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்து ஊர். அங்கே 1889இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலா, வியாபாரிகள் கொடுத்த மகமையிலும் வீடுவீடாகத் திரட்டிய பிடி அரிசியிலும் வளர்ந்த பள்ளி. அடுப்பில் உலை ஏற்றுமுன் பெண்கள் எடுத்துவைத்த அரிசி அது. காமராசர் அங்கேதான் படித்தார். விவேகானந்தரை 1893இல் சிகாகோ போகச் சொல்லி ஊக்குவித்தவர் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. ஆனாலும் அந்தப் பயணத்துக்காகச் சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடுவீடாகப் போய்ப் பணம் திரட்டினார்கள். 1897 ஜனவரியில் விவேகானந்தர் திரும்பிவந்து இறங்கிய கரை நம் பாம்பன். பலருடைய சிறு தொகை ஒரு காரியத்தை ஊருக்குச் சொந்தமாக்கிவிடுகிறது. மன்றம் சந்தாவை முதலில் வைப்பது இதனால்தான்.

எல்லாப் பணமும் பணம் அல்ல. கடல் அட்டை பிடிப்பதும் விற்பதும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்படியும் கடல் அட்டை, கஞ்சா, பீடி இலை பிடிபட்ட செய்தி இந்தக் கரையில் ஓய்ந்தபாடில்லை. இன்று பையன்களுக்கு ஜெர்சியும் பந்தும் வாங்கித் தருபவர், நாளை ஒரு ராத்திரி ஒரு மூட்டையைப் படகில் ஏற்றச் சொன்னால், முடியாது என்று சொல்ல அந்தப் பையனுக்கு நாக்கு எழாது. வந்த வழி சொல்ல முடியாத பணத்தை மன்றம் தொடாது. கட்சிக்காரர்கள் தனிப்பட்ட முறையில் சந்தா கட்டலாம்; தலைவர் படமும் கொடி நிறமும் சட்டையில் ஏறக்கூடாது.

நிறுவனங்களின் பணத்தை மன்றம் வெறுக்கவில்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதைக் கேட்பதில் கூச்சமில்லை. எதற்குச் செலவிடுவது என்பதை மட்டும் மன்றத்தின் பொதுக்கூட்டம்தான் தீர்மானிக்கும். மைதானம், வகுப்பறை போன்ற நிலையான வசதிகளுக்கு ‘நமக்கு நாமே’ திட்டமே பொருத்தம். பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு போடும்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர், தாங்கள் மன்றத்துக்குப் பணம் அனுப்பலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இந்தியக் குடிமகனாக இருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே வராது. வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவரிடம் வாங்குவதற்கு அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அது கைக்கு வரும்வரை, சொந்த மாமா கொடுத்தாலும் மன்றம் வாங்காது.

யார் பத்து ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. மாத வரவு செலவை மீன் ஏலக்கூடச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். கேள்வி கேட்க உறுப்பினராக இருக்கத் தேவையில்லை.

பணம் கொடுக்காமலும் துணை நிற்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் வாரம் ஒரு மாலை கணக்குச் சொல்லித் தரலாம். வங்கியில் வேலை பார்ப்பவர் கல்விக் கடன் விண்ணப்பத்தை நிரப்பித் தரலாம். சம்மாட்டிகள் தங்கள் படகில் வேலைக்கு வரும் பள்ளி வயதுப் பையனைத் திருப்பி வகுப்புக்கு அனுப்பலாம். இந்தக் கடைசி உதவியைத்தான் மன்றம் எல்லாவற்றுக்கும் முதலில் கேட்கிறது.