குடத்தில் விழாத ஓலை



உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களை நீங்கள் ஒருமுறையேனும் கண்டிருப்பீர்கள். காணாதவர்களும் மேடைகளில் அதன் புகழைக் கேட்டிருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. 30 குடும்புகள், பெயர் எழுதிய ஓலைகள், அவற்றை இடுவதற்கு ஒரு குடம், ஊரார் முன்னிலையில் அக்குடத்தில் கைவிட்டு ஓலையை எடுக்க ஏதுமறியாச் சிறுவன் ஒருவன்! இவற்றைச் சொல்லிச் சொல்லி, மக்களாட்சிக்குத் தொட்டில் கட்டிய மண் இது என்று மார்தட்டுகிறோம். தட்டட்டும், தவறில்லை. கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியத்தில் அமரலாகாது என்று ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே கல்லில் வெட்டிவைத்த ஊரன்றோ!

ஆயினும், அக்கல்வெட்டின் முன் இன்னும் சற்று நேரம் நில்லுங்கள். எவன் பெயர் குடத்தில் விழும்? கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமுடையவன்; சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டவன்; 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருப்பவன்; வேதம் பயின்றவன். அந்நிலத்தை உழுதவன் பெயர் விழாது; பெண்ணின் பெயர் விழாது. பெருமை பேசும்போது இந்தப் பகுதியை மட்டும் விரைந்து கடந்துவிடுவது நம் வழக்கம்.

அவ்வரம்புகள் வீழ்ந்தன. வீழ்த்துவதற்கு எத்தனை போராட்டம் என்பதை இவ்வேட்டின் வாசகர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கண்ணொளி இழந்த பிள்ளை, செவிப்புலன் அற்ற பிள்ளை, எழுந்து நடக்கவியலாப் பிள்ளை, அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளை இவர்கள் பெயர் எழுதிய ஓலை எந்தக் குடத்தில் விழுந்தது?

முதலில் அவர்கட்குக் கிடைத்தது இரக்கம். பாளையங்கோட்டையில் 1897ஆம் ஆண்டு பிளாரன்ஸ் சுவைன்சன் எனும் அம்மையார் காதுகேளாதோர் பள்ளியை நிறுவினார். பூவிருந்தவல்லியில் 1931இல் பார்வையற்றோர்க்கு அரசுப் பள்ளி எழுந்தது. அவற்றுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம். எனினும், சாலவாக்கத்துக் குழந்தையும் மானாம்பதிக் குழந்தையும் எழுத்தறிய வேண்டுமெனின், தாய்மடியை விட்டு விடுதிக்குச் செல்ல வேண்டும். செல்ல இயலாதவர்க்குத் திண்ணையே உலகம்.

1974ஆம் ஆண்டு, பொதுப்பள்ளியில் இவர்களைச் சேர்க்க ஒன்றிய அரசு ஒரு திட்டம் வகுத்தது. மறு ஆண்டே, 1975இல், அமெரிக்கா இதனைச் சட்டமாகவே இயற்றிற்று. திட்டத்தில் குறை கண்டால் மனுப் போடலாம். சட்டத்தில் குறை நேர்ந்தால் வழக்குத் தொடுக்கலாம். அந்த வேறுபாட்டைக் கடக்க நமக்கு மேலும் 20 ஆண்டுகள் ஆயின!

1995ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வி என்றது; பொதுப்பள்ளியில் இணைத்துக்கொள்வதற்கோ அரசு 'முயல வேண்டும்' என்று மட்டுமே சொல்லிற்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு படி மேலே ஏறியது. 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடைய, 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு, அருகமைப் பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, விரும்பியதில் இலவசக் கல்வி பெற 'உரிமை' உண்டென அதன் 31ஆம் பிரிவு முழங்குகிறது. ஆனால் அதே சட்டத்தின் 16ஆம் பிரிவைப் புரட்டுங்கள். பள்ளிகள் அனைவரையும் உள்ளடக்கிய கல்வியை வழங்குமாறு செய்ய அரசு 'முயலும்'! பிள்ளைக்கு உரிமையாம், அரசுக்கு முயற்சியாம். கடன்பட்டவன், 'தர முயல்கிறேன்' என்றால் கடன் கொடுத்தவன் ஏற்பானா?

முயற்சி எப்படிப்பட்டது என்பதை ஆசிரியரிடத்தில் காணலாம். பொதுப்பள்ளிகளில் சிறப்பாசிரியர் வேண்டுமென 2021இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. தொடக்க வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒருவர், அடுத்த நிலையில் 15 பேருக்கு ஒருவர் என 2022இல் அளவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் நம் வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்களோ தொகுப்பூதியத்தில், பள்ளி பள்ளியாக அலைந்து, ஆண்டுக்கணக்கில் நிலையற்ற பணியில் உழன்றவர்கள். இக்குறைக்கு மாநில ஆட்சிகளும் பொறுப்பு. நம்மவர் ஆட்சி என்பதற்காக அதை மறைக்கமாட்டேன்.

அந்த ஊதியமும் வருவது ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்திலிருந்துதான். 2024–25ஆம் ஆண்டுக்கு அத்திட்டத்தில் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. ஏன்? புதிய கல்விக் கொள்கையை ஏற்றுக் கையொப்பமிடவில்லையாம்! மொழிக்கொள்கையில் மாறுபட்டால் வாதிடட்டும், மன்றத்தில் மோதட்டும். பிரெய்ல் ஏட்டைத் தடவிப் படிக்கும் சிறுமியின் ஆசிரியருக்குரிய பணத்தைப் பிணையாகப் பிடித்து வைப்பதா வாதம்?

இன்னொன்று. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், கடுமையான குறைபாடுடைய பிள்ளைக்கு வீட்டிலேயே கல்வி பெறும் உரிமையும் தந்தது. நல்ல நோக்கந்தான். ஆயினும், சாய்தளம் கட்டாத பள்ளிக்கு அது சாக்காகிவிடலாம் என்று அஞ்சுகிறேன். பழைய திண்ணைக்குப் பதிவேட்டில் புதுப்பெயர் சூட்டப்படலாகாது.

2010இல் கலைஞர் 'மாற்றுத்திறனாளிகள்' என்ற பெயரை அரசு ஏடுகளில் ஏற்றினார். 2025 ஏப்ரலில், ஊராட்சிகளில் அவர்களை உறுப்பினராக நியமிப்பதற்கான சட்டமுன்வடிவைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. குடவோலை கண்ட வட்டாரத்தில் அவர்கள் வந்தமரும் நாற்காலி வெறும் அலங்காரமாக இருக்கலாகாது. அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குச் செல்லும் தோழர்களே, தவறாமல் கேளுங்கள்: நம்மூரில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுள் பள்ளி வாயிலைத் தாண்டியவர் எத்தனை பேர்? சிறப்பாசிரியர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.