போன் இருக்கும்போது நூலகர் எதற்கு என்பவர்களுக்கு

“எல்லார் கையிலும் போன் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இதில் நூலகர் வேறு எதற்கு?” படிக்காதவர்கள் யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்பவர்கள் எல்லாரும் படித்தவர்கள், அதிலும் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள். ஒரு கல்லூரியில் நூலகர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்பாமல் தள்ளிப்போட இந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருக்கிறது. வாசகர் கேள்விகளுக்கு விடை தேடித் தரும் குறிப்புதவிப் பிரிவு மேசையில் அன்றைக்குச் சும்மா இருப்பவரை உட்கார வைப்பதற்கும் இதுவே நியாயம். நூலக அறிவியல் படிக்கப் போகும் பெண்ணிடம் உறவினர்கள், “புத்தகம் எடுத்துக் குடுக்கிறதுக்கு ஒரு டிகிரியா?” என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை: தகவல் தேடித் தருவது கற்றுக்கொள்ள வேண்டிய வேலையே இல்லை. இந்த நம்பிக்கை தவறானது. அதன் விலையைக் கொடுப்பவர்களும் இதைச் சொல்கிறவர்கள் அல்லர், வழி கேட்க வேறு ஆள் இல்லாமல் நூலகப் படியேறி வருகிறவர்கள்.

அவர்கள் சொல்வதில் உண்மையான பகுதி ஒன்று உண்டு. பின்கோடு எண், ரயில் நேரம், ஒரு நாட்டின் தலைநகர், ஒரு தலைவர் பிறந்த ஆண்டு, இவற்றுக்காக இனி யாரும் நூலகம் வரத் தேவையில்லை. அந்தக் கேள்விகள் போனுக்குப் போனது நல்லதே. ஆனால் அவை போன பிறகு மேசைக்கு வருபவை எல்லாம் கடினமான கேள்விகள். எளியவை குறைந்துவிட்டதால் பயிற்சியின் தேவை கூடியிருக்கிறது. நம் நிர்வாகங்களோ அதைக் காரணம் காட்டியே பயிற்சியைக் கைவிடுகின்றன.

நூலகப் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் நான் கொடுத்துப் பார்க்கும் கேள்வி ஒன்றை இங்கே விரித்துச் சொல்கிறேன். ஒரு பெரியவர் மேசைக்கு வருகிறார். “தம்பி, பழைய பஞ்சாங்கம் இருக்கா?” என்கிறார். பெரும்பாலான மாணவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. இருக்கிற பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டுவார்கள், அல்லது “இல்லீங்கய்யா” என்பார்கள். இரண்டிலும் பெரியவர் திரும்பிப் போய்விடுவார். பயிற்சி பெற்றவர் வேறு மாதிரி தொடங்குவார்: “உக்காருங்கய்யா. என்ன விஷயமா பாக்கணும்? சொன்னீங்கன்னா தேட வசதியா இருக்கும்.” அப்போதுதான் மஞ்சள் பையிலிருந்து மடித்த காகிதம் வெளியே வரும். பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரம். ஆனந்த வருஷம் தை மாதம் 12-ந் தேதி. ராமநாதபுரம் ஜில்லா, சாத்தூர் தாலுகா. கிரயத் தொகை ரூபாய் 85, அணா 8. மூலையில் இருந்த பதிவு எண்ணைச் செல் அரித்துவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டால் எந்த ஆண்டு என்று கேட்கிறார்கள். எத்தனை ஆண்டுகளுக்குத் தேடுகிறோமோ அதற்கேற்பக் கட்டணம். பெரியவருக்கு உண்மையில் வேண்டியது பஞ்சாங்கம் இல்லை, ஒரு ஆங்கில ஆண்டு.

இந்த இடத்தில் மாணவர்கள் போனை எடுப்பார்கள். ஆனந்த ஆண்டு 1974 என்று வரும். இன்னும் கொஞ்சம் தேடுகிறவருக்கு 1914 என்றும் வரும். பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகள் சுழன்று வருவதால் 1854, 1914, 1974 மூன்றுமே ஆனந்ததான். இதில் எது? இதற்கான விடை பத்திரத்திலேயே இருக்கிறது, பார்க்கத் தெரிந்தால். ராமநாதபுரம் மாவட்டம் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து 1910-ல் உருவாக்கப்பட்டது. அதற்கு முன் சாத்தூர் திருநெல்வேலியில் இருந்தது. ஆகவே 1854-ஐ ஒட்டிய தேதியாக இருக்க வழியில்லை. அணாக் கணக்கு 1957 ஏப்ரல் 1-ம் தேதி நயா பைசா வந்ததோடு முடிந்தது. ஆகவே 1974-ஐ ஒட்டியதாகவும் இருக்க முடியாது. மிஞ்சுவது 1914-ல் தொடங்கிய ஆனந்த. ஆனால் 1914 என்று எழுதிக் கொடுத்தால் அதுவும் தவறு! தமிழ் ஆண்டு சித்திரையில் பிறக்கிறது. அந்த ஆண்டின் தை மாதம் 1915 ஜனவரியில்தான் வரும். பன்னிரண்டாம் தேதி என்பது ஜனவரி கடைசி வாரத்தை ஒட்டி விழும். இன்னொன்றும் சொல்லி அனுப்ப வேண்டும். பத்திரத்தில் ராமநாதபுரம் ஜில்லா என்று இருப்பதை நம்பிப் பெரியவர் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறிவிடக் கூடாது. 1985-ல் மாவட்டம் பிரிந்த பின் சாத்தூர் விருதுநகரோடு போய்விட்டது.

இந்த வேலையில் மந்திரம் எதுவும் இல்லை. மாவட்டங்கள் எப்போது பிரிந்தன என்று சொல்லும் நூல்கள் எவை, தமிழ் ஆண்டு எப்படிச் சுழல்கிறது, ஒரு விடையை வேறு சான்றால் எப்படிச் சரிபார்ப்பது, இவை எல்லாம் கற்றுத் தெரிந்துகொள்பவை. முதல் கேள்வியை முழுக் கேள்வி என்று நம்பாமல் இருப்பது அவற்றிலும் முதன்மையானது. ராபர்ட் டெய்லர் என்ற அமெரிக்க நூலகவியலாளர் 1968-லேயே இதை நான்கு படிகளாகப் பிரித்து எழுதினார். முதலில் உள்ளுக்குள் ஒரு குறை, அதற்குச் சொல்வடிவம் இராது. பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் குழப்பமான ஒரு விவரிப்பு. அதன்பின் தெளிவான கேள்வி. கடைசியாக, நூலகத்தில் என்ன கிடைக்கும் என்று தானே ஊகித்து, அதற்கேற்ப மாற்றிக் கேட்கும் கேள்வி. மேசைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இந்த நான்காவது. பெரியவர் பஞ்சாங்கம் கேட்டதும் அதனால்தான். தேடுபொறிக்குப் போவதும் அதே நான்காவது கேள்விதான். அது கேட்டதற்குப் பதில் தரும், “எதற்கு ஐயா?” என்று தானாகக் கேட்காது.

நூலகர் வட்டாரத்தில் பல காலமாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒருவர் வந்து ‘ஆரஞ்சஸ் அண்ட் பீச்சஸ்’ என்ற புத்தகம் கேட்கிறார். பழங்களைப் பற்றிய நூல்களில் தேடினால் எதுவும் அகப்படவில்லை. விசாரித்தால், அவருக்கு வேண்டியது டார்வினின் ‘ஆரிஜின் ஆஃப் ஸ்பீஷீஸ்’. கனடாவைச் சேர்ந்த நூலகவியல் ஆய்வாளர்கள் இருவர், மேசையில் நடக்கும் இப்படிப்பட்ட பேச்சுப் பிழைகளை ஆராய்ந்து 1996-ல் வெளியிட்ட கட்டுரைக்கு இதையே தலைப்பாக்கினார்கள். சிரித்துவிட்டுப் போகிற கதையாக இதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. வாத்தியார் வகுப்பில் சொன்னதைக் காதால் மட்டும் கேட்டு, எழுத்தில் பார்த்திராத ஒரு பிள்ளை நம் ஊர் நூலகத்தில் வந்து நின்றால் இதேதான் நடக்கும். அந்தப் பிள்ளை கூச்சப்படாமல் இரண்டாவது முறை பேச வழி செய்வது பயிற்சியால் வருவது.

பொருள் இன்னும் கனமாக இருக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு பெண் வருகிறார். “சட்டப் புத்தகமெல்லாம் எங்க இருக்கு சார்?” அலமாரியைக் கை காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அக்கறையாகப் பேச்சுக் கொடுத்தால், அப்பா வழிப் பூர்வீகச் சொத்தில் தனக்குப் பங்கு உண்டா என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறார் என்பது தெரியவரும். தமிழ்நாட்டில் 1989-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம் மகளுக்குப் பங்கு கொடுத்தது. ஆனால் அதற்கு முன்பே மணமானவர்களை விலக்கியது. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்தது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் ஒரு தீர்ப்பில் சொன்னது. வினீதா சர்மா வழக்கில் 2020-ல் அப்படித் தேவையில்லை என்று தீர்த்துவைத்தது. அந்தப் பெண் 1989-க்கு முன்பே மணமானவராக இருந்து, அலமாரியில் இருப்பது 2003-ல் அச்சான புத்தகம் என்றால், அது அவரை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பிவிடும். இணையத்திலோ 2015-க்குப் பின் எழுதியதும் 2020-க்குப் பின் எழுதியதும் தேதி இல்லாமல் அருகருகே கிடக்கின்றன. பதிப்பாண்டைப் பார்ப்பது, எந்தத் தீர்ப்பு எதை மாற்றியது என்று தொடர்ந்து போவது, இவை குறிப்புதவிப் பணியின் அரிச்சுவடி. அதோடு, எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அந்தப் பாடத்தில் உண்டு. “உங்களுக்குப் பங்கு நிச்சயம்மா” என்று நூலகர் சொல்லக் கூடாது. சட்டத்தையும் தீர்ப்பையும் கையில் கொடுத்து, பெண்களுக்கு இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே இருக்கிறது என்று வழிகாட்ட வேண்டும்.

“இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, அது பேசுகிறதே, திருப்பிக் கேள்விகூடக் கேட்கிறதே” என்பார்கள். நியூயார்க்கில் 2023-ல் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை அப்படியே மனுவில் சேர்த்து நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அவற்றில் பல நடக்கவே இல்லாத வழக்குகள். நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். சட்டம் படித்து, அதிலேயே பிழைப்பவர்களுக்கு இந்த நிலை. மேற்கோள் உண்மைதானா, அந்த நூல் உண்டா, அந்தப் பக்கத்தில் அது இருக்கிறதா என்று சரிபார்க்கும் பழக்கம் தானாக வராது. அதைத் தொழிலாகக் கொண்டவர்களிடமிருந்துதான் மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். பொய்ச் சான்று இவ்வளவு எளிதாக உற்பத்தியாகும் காலத்திலா நூலகரை வேண்டாம் என்பது?

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தபோது அவர் கணித ஆசிரியர். புத்தகங்களுக்கு நடுவே ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. பழையபடி வகுப்பறைக்கே போய்விட நினைத்தார். லண்டனுக்குப் போய்ப் படித்து, அங்குள்ள நூலகங்களைச் சுற்றிப் பார்த்த பின்புதான் இது என்ன வேலை என்று அவருக்கே விளங்கியது. 1931-ல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. குறிப்புதவிச் சேவைக்கென்றே தனி நூல் எழுதினார். உடனே விடை சொல்லக்கூடிய கேள்வி, நாள்கணக்கில் தேட வேண்டிய கேள்வி என்று பிரித்து, இரண்டுக்கும் முறை வகுத்தார். அவர் பிறந்தநாளாகக் கொள்ளப்படும் ஆகஸ்ட் 12-ஐ நூலகர் தினம் என்று கொண்டாடி மாலை போடுகிறோம். அவர் வகுத்த முறையை மேசையில் எத்தனை பேர் பயன்படுத்துகிறோம்?

பயிற்சியால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு மேரிலாந்து ஒரு விடை. அமெரிக்காவின் அந்த மாநிலத்தில் 1980-களில் பொது நூலகங்களுக்கு வாசகர்போல ஆள் அனுப்பிச் சோதித்தார்கள். முழுமையான சரியான விடை கிடைத்தது ஏறக்குறைய 55 விழுக்காடு கேள்விகளுக்குத்தான். நூல்களின் எண்ணிக்கையும் நூலகத்தின் அளவும் இதைப் பெரிதாக மாற்றவில்லை. நூலகர் நடந்துகொண்ட விதம்தான் மாற்றியது. வந்தவரை நிமிர்ந்து பார்த்தாரா, கேள்வியை விரித்துச் சொல்ல வைத்தாரா, எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவில் “நீங்கள் தேடியது முழுதாகக் கிடைத்துவிட்டதா?” என்று கேட்டாரா என்பவை. இவற்றையே பாடமாக வைத்துப் பயிற்சி கொடுத்தபோது சரியான விடைகள் நன்றாகவே கூடின. பாதிக்குப் பாதி தவறு என்ற செய்தியைப் பிடித்துக்கொண்டு, “பார்த்தீர்களா, நூலகர்களால் பயனில்லை” என்று சிலர் வாதிடுவதுண்டு. பயிற்சிக்குப் பின் நடந்ததை அவர்கள் சொல்வதில்லை.

நம் பாடத்திட்டத்தின் மேல் எனக்கு உள்ள கோபத்தையும் மறைக்கப் போவதில்லை. “குறிப்புதவிச் சேவையின் வகைகளை விவரி” என்று தேர்வில் கேட்கிறோம். மாணவர் நான்கு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்குகிறார். ஒரு வாசகர் முன் உட்கார்ந்து ஒரு கேள்வியைக்கூட வாங்கிப் பழகாமல் பட்டம் பெறுகிறார். பிறகு மாவட்ட மைய நூலகத்திலோ கிளை நூலகத்திலோ அவரை உட்கார வைக்கிறோம். அவர் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, இதற்குப் படிப்பே தேவையில்லை என்ற முடிவுக்கு மற்றவர்கள் வருகிறார்கள். பயிற்சி கொடுக்காமல் விட்டவர்களே பயிற்சி பயனற்றது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவது பெரிய அநியாயம்.

சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-ல் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படியொரு சட்டம் அதுவே முதல். அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டி வருகிறோம். அந்தப் பணத்தில் கட்டடமும் புத்தகமும் வந்தன. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இடமும் நாற்காலியும் கிடைத்தன, நல்லது. ஆனால் நூலகத்தின் பயனை அளக்க நாம் வைத்திருப்பவை வருகைப் பதிவேடும் இரவல் கணக்கும்தான். யார் என்ன கேட்டார்கள், எந்த நூலில் பார்த்தோம், விடை கிடைத்ததா, கிடைக்காவிட்டால் எங்கே அனுப்பினோம் என்று எழுதிவைக்கும் குறிப்புதவிப் பதிவேடு ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் இருக்க வேண்டும். பெயரும் முகவரியும் வேண்டாம், கேள்வி மட்டும் போதும். நூலக அறிவியல் மாணவர்கள் அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் பாடம் படிக்க வேண்டும். விடை கிடைக்காமல் போனவற்றை எடுத்து அவர்களே தேடிப் பார்க்க வேண்டும். பட்டத்துக்கு முன் ஒரு பருவம் முழுக்க, அனுபவமுள்ள நூலகர் பக்கத்தில் இருக்க, மேசையில் உட்கார்ந்து உண்மையான வாசகர்களிடம் கேள்வி வாங்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. ஒரு நீளக் கட்டு நோட்டும், காலியிடத்தை நிரப்பும் ஓர் அரசாணையும், பாடத்திட்டக் குழுவின் ஒரு கூட்டமும் போதும்.