இணையக் கடைக்கும் வேண்டும் தரப் பரிசோதனை

இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50% ஆக்கியபோது, ஒரு நாட்டின் வாங்குநர்களைப் பெரிதும் நம்பியிருப்பதன் ஆபத்து திருப்பூருக்கு நன்றாகவே உறைத்தது. உள்நாட்டு வாடிக்கையாளரை நேரடியாக எட்ட வேண்டும், சொந்தமாக இணையக் கடை வேண்டும் என்ற எண்ணம் அதற்கு முன்பே இருந்ததுதான். அதில் இப்போது அவசரமும் சேர்ந்துகொண்டது. கடையைத் திறப்பது கடினமில்லை. வேர்ட்பிரஸ் மேல் வூகாமர்ஸ், பணம் வாங்க ஒரு பிளகின், கூரியருக்கு ஒன்று, ஜிஎஸ்டி பில்லுக்கு ஒன்று என ஆயத்த மென்பொருள்களைப் பொருத்தினால் போதும். எல்லாவற்றையும் புதிதாக எழுதுவதைவிட இதுவே சரியான வழி. ஆனால், அவற்றை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம்? நட்சத்திரக் குறி, பதிவிறக்க எண்ணிக்கை, கட்டணம். நூலின் கவுண்ட், துணியின் ஜிஎஸ்எம், சுருக்கம், சாய உறுதி ஆகியவற்றைப் பார்க்காமல் சரக்கை ஏற்காத ஊர், கல்லாவை மட்டும் முகம் தெரியாதவர்கள் போட்ட மதிப்பெண்ணை நம்பி ஒப்படைக்கக் கூடாது.

அந்த மதிப்பெண்கள் பொய் என்று சொல்லவில்லை. அவை வேறு வணிகத்துக்குப் போடப்பட்டவை. ஆயத்த ஆடைக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் உருப்படியின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை 5%. அதைத் தாண்டினால் 18%. அதாவது, வரி விகிதம் பொருளைப் பொறுத்து மட்டுமல்லாமல் விற்ற விலையைப் பொறுத்தும் மாறுகிறது. வூகாமர்ஸின் இயல்பான அமைப்பிலோ ஒரு பொருளுக்கு ஒரு வரி வகுப்பு. வரி நீங்கலாக 2,700 ரூபாய் விலையுள்ள ஒரு ஹூடிக்குத் தீபாவளித் தள்ளுபடி 10% என்று வைத்துக்கொள்வோம். விற்பனை மதிப்பு 2,430 ஆகிவிடுகிறது. வரி 5% தான். மென்பொருள் பழைய வகுப்பிலேயே நின்று 18% போட்டால், வாடிக்கையாளர் ஏறக்குறைய 316 ரூபாய் கூடுதலாகக் கட்டுவார். அப்படி வாங்கிய வரியைக் கடைக்காரர் வைத்துக்கொள்ளவும் முடியாது, அரசுக்குக் கட்டியாக வேண்டும். ஐந்து நட்சத்திரம் வாங்கிய பிளகினிலும் இந்தப் பிழை இருக்கலாம். ஒரே வரி விகிதத்தில் விற்பவருக்கு அது கண்ணில் படவே போவதில்லை. சரக்கிருப்பும் இப்படித்தான். திருப்பூரின் காதர்பேட்டைச் சந்தையில் பனியன் மொத்தமாகவும் போகும், சில்லறையாகவும் போகும். 80, 85, 90, 95 அளவுகளில் 2:3:3:2 என்று பத்து உருப்படிகள் கொண்ட ஒரு பாக்ஸ் விற்றால், நான்கு அளவுகளின் இருப்பும் அந்தந்தக் கணக்கில் குறைய வேண்டும். பாக்ஸைத் தனிப்பொருளாக மட்டும் எண்ணும் மென்பொருள், இல்லாத 90-ஐச் சில்லறையில் விற்றுவிடும். ஒரு பொருளுக்கு 100 வகைகளுக்கு மேல் கூடாது என்ற வரம்பைப் பெரிய தளமான ஷாப்பிஃபையே பல ஆண்டுகள் வைத்திருந்து அண்மையில்தான் தளர்த்தியது. ஆறு அளவு, இருபது நிறம் என்றாலே 120 ஆகிவிடும் ஊர் இது. ஆகவே, ஒரு மென்பொருளை அதன் வசதிப் பட்டியலைப் பார்த்து மதிப்பிட முடியாது. நம்முடைய சிக்கலான ஆர்டர்களை அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பராமரிப்பு. இணையக் கடை மென்பொருளான மஜென்டோவின் முதல் பதிப்புக்கு ஆதரவை அடோபி நிறுவனம் 2020 ஜூன் 30 அன்று நிறுத்தியது. முன்கூட்டியே அறிவித்தும் ஏராளமான கடைகள் அதிலேயே ஓடிக்கொண்டிருந்தன. அந்த செப்டம்பரில், ஒரே வார இறுதிக்குள் ஏறக்குறைய 2,000 கடைகளில் அட்டை விவரங்களைத் திருடும் நிரல் புகுத்தப்பட்டது. திறமூல மென்பொருள்தானே, யார் வேண்டுமானாலும் சோதிக்கலாமே என்று சொல்லப்படுவதுண்டு. சோதிக்க முடியும் என்பதால் யாரோ சோதித்துவிட்டார்கள் என்று ஆகிவிடாது. கடைசியாக எப்போது திருத்தினார்கள், பாதுகாப்புக் குறை வந்தால் எத்தனை நாளில் சரிசெய்கிறார்கள், எழுதுபவர் ஒருவரா ஒரு குழுவா, விலகும்போது வாடிக்கையாளர், ஆர்டர் விவரங்களை முழுமையாக வெளியே எடுக்க முடியுமா என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகே விலையைப் பேச வேண்டும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. தரவைக் கையாளும் வேலையை வேறொரு நிறுவனத்திடம் விட்டிருந்தாலும் பொறுப்பு கடைக்காரருடையதே.

‘இவ்வளவு தொல்லை எதற்கு? அமேசானிலோ மீஷோவிலோ போட்டுவிடலாமே’ என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. தொடக்கத்தில் இருப்பவருக்கு அது நல்ல படிக்கட்டு. ஆனால், வாடிக்கையாளர் உறவு அங்கே தளத்திடம் இருக்கிறது. கட்டணத்தையும் திருப்பியனுப்பும் விதியையும் தளமே தீர்மானிக்கிறது. ஒரு வாங்குநரைச் சார்ந்திருப்பதிலிருந்து மீள நினைப்பவர் இன்னொரு சார்பில் சிக்கிக்கொள்வார். ஷாப்பிஃபை போன்ற கட்டணத் தளம் பாதுகாப்புச் சுமையின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்வது உண்மை. இரண்டு பேர் நடத்தும் கடைக்கு நானும் அதையே பரிந்துரைப்பேன். இருந்தாலும், அதில் சேர்க்கும் ஆப்களில் பெரும்பாலானவை வெளியார் எழுதியவை. சோதனைக்கு அங்கும் விலக்கு இல்லை.

வலுவான ஆட்சேபம் வேறு. இருபது பவர் டேபிள் தையல் இயந்திரங்கள் வைத்திருப்பவர் மென்பொருளைச் சோதிக்க எங்கே போவார்? உண்மையிலேயே அவரால் முடியாது. தனியாக அவர் செய்ய வேண்டியதும் இல்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகு, தனி ஆலை தாங்க முடியாத செலவைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வழியே பகிர்ந்துகொண்டு மீண்ட ஊர் திருப்பூர். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் மென்பொருள் சோதனைக்கான செலவு மிகச் சிறியது. ஏற்றுமதியாளர் சங்கமும் பனியன் உற்பத்தியாளர் சங்கமான சைமாவும் கைகோத்து, இரண்டு மூன்று மென்பொருளாளர்களையும் ஒரு ஜிஎஸ்டி கணக்காளரையும் அமர்த்தலாம். விலை வரம்பைக் கடக்கும் தள்ளுபடி, கலப்பு அளவு பாக்ஸ், வெளிமாநில டெலிவரி, கேஷ் ஆன் டெலிவரியில் திரும்பி வரும் பார்சல், பாதி மட்டும் திருப்பிய ஆர்டர் என ஒரு சோதனைத் தொகுப்பை உருவாக்கி, புழக்கத்தில் உள்ள ஒவ்வொரு பிளகினையும் அதில் ஓட்டி, முடிவைப் பதிப்பு எண்ணோடு தமிழில் வெளியிடலாம். பதிப்பு எண் அவசியம். போன மாதம் தேறிய மென்பொருள் அடுத்த புதுப்பிப்பில் தவறலாம். ஒரேயடியாக எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. பணம் வாங்கும் மென்பொருள், வரி போடும் மென்பொருள் இரண்டையும் முதலில் சோதித்து வெளியிட்டால், தீபாவளி விற்பனைக்கு முன் கடை திறக்க நினைப்பவருக்கு அதுவே பெரிய உதவி.